ஜெர்சித் தீவும் பத்து நாள் கணக்கும்

புதுச்சேரி

அன்புள்ள செல்வத்துக்கு,

போனை எடுக்காதவனுக்குக் கடிதம்தான் சரி. இங்கே எல்லாரும் சுகம், அம்மாவின் முட்டிவலி உட்பட.

"வெள்ளைக்காரன் பிரிஞ்சாலும் நாகரிகமாப் பிரிவான், நாமதான் சுருக்குமடிக்கு அருவாள் தூக்குறோம்" என்று, மீன் கூட்டத்தையே வளைத்து அள்ளும் சுருக்குமடி வலைச் சண்டையை வைத்து எழுதியிருந்தாயே, உனக்கு யாருடா சொன்னது? சங்கரன் வாத்தியாரா?

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டது 2020 ஜனவரியில். அந்த வருஷம் முழுக்கப் பழைய விதிதான். 2021 பிறந்ததும் கடல் கணக்கு மாறியது. பிரிட்டிஷ் முடியாட்சியைச் சேர்ந்த ஜெர்சித் தீவு பிரான்சின் நார்மண்டிக் கரையிலிருந்து சுமார் 22 கி.மீ.தான், பிரெஞ்சுப் படகுகள் தலைமுறையாகப் பிடித்த இடம். புது விதிப்படி, 2017 பிப்ரவரி முதல் 2020 ஜனவரி வரை ஏதாவது ஒரு வருஷத்திலாவது 10 நாளுக்கு மேல் அங்கே தொழில் செய்ததாகக் காட்டினால்தான் லைசென்ஸ். 12 மீட்டரும் அதற்கு மேலும் உள்ள படகில் இருக்குமிடம் காட்டும் செயற்கைக்கோள் கருவி கட்டாயம், அதுவே சாட்சி. சின்னப் படகுக்கு? 10 மீட்டருக்குள் என்றால் பிடித்ததைக் குறிக்கும் லாக்புக்கூடக் கட்டாயமில்லை. மீன் ஏலத்தில் தரும் சீட்டைக் காட்டினால், மீன் எங்கே விற்றது என்றுதான் அது சொல்லும், எங்கே பிடித்தது என்று சொல்லாது.

ஏப்ரல் கடைசியில் 41 பெரிய படகுகளுக்கு லைசென்ஸ் வந்தது. அதிலும் எத்தனை நாள், என்ன வலை என்று முன்னே பேசாத நிபந்தனைகள். பிரெஞ்சுக் கடல்துறை அமைச்சர் அன்னிக் ஜிரார்தான் கரண்டை நிறுத்துவோம் என்று ஜாடை காட்டினார். ஜெர்சியின் கரண்டில் சுமார் 95% பிரான்சிலிருந்து கடலடிக் கேபிளில் போகிறது. மே 6 அன்று 60 பிரெஞ்சுப் படகுபோல ஜெர்சியின் தலைநகர் செயின்ட் ஹீலியர் துறைமுகத்துக்கு முன்னால் மறியல். லண்டன் இரண்டு கடற்படைக் கப்பல் அனுப்ப, பாரீஸும் ரோந்துக் கப்பல் அனுப்பியது. ரொம்ப நாகரிகம்!

இங்கிலாந்து மீனவனுக்காவது திருப்தியா? 2026 ஜூனோடு மொத்தக் கடலும் நமக்கே என்று காத்திருந்தான். 2025 மே மாதம், ஐரோப்பியப் படகுகள் பிரிட்டன் கடலில் பிடிக்கும் அனுமதியை 2038 வரை நீட்டிவிட்டார்கள்.

10 நாள் விதியை நான் குறை சொல்லமாட்டேன். சாட்சி வைத்துக்கொள் என்று யாருமே சொல்லாத படகிடம் பின்னால் வந்து சாட்சி கேட்டதுதான் வயிற்றெரிச்சல். நம்ம பக்கமும் தமிழ்நாட்டுச் சுருக்குமடிக்கு 2023-இல் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவில் 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும், காலை 8 முதல் மாலை 6 வரை என்று இடமும் நேரமும் வகுத்தாயிற்று. நாளைக்கு உன் மச்சானிடம் எந்த நாள் எங்கே இருந்தாய் என்று கேட்டால்? ஜிபிஎஸ்ஸில் பதிவாகும் தடத்தை அழிக்காமல் வைக்கச் சொல். சீட்டில் தேதியோடு படகு எண்ணும் எழுதி வாங்கச் சொல்.

வருவதானால் ஏப்ரல் 15-க்கு முன்னால் வா. தடைக்காலத்தில் வந்து வஞ்சிரம் கேட்டால் கருவாடுதான்.

அன்புடன்,
ரவி