மறைக்க வேண்டியதை மட்டும் மறைக்கலாம்

ஐயா,

தருமபுரி மாவட்ட அலுவலகம் ஒன்றில், தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஊழியர்களின் பதவி, சம்பள விவரம் கேட்டிருந்தேன்; வந்த நகலில் வீட்டு முகவரி, கைப்பேசி எண், பெண் ஊழியர் ஒருவரின் வங்கிக் கணக்கு எண் வரை அப்படியே இருந்தன. நான் கேட்காதவை அவை. மாதச் சம்பளத்தைக் கேட்காமலே வெளியிடும்படி 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது. அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால், வெளியிடுவதிலிருந்து விலக்குக்குரிய பகுதியை மட்டும் நீக்கிவிட்டு மீதியைத் தர 10ஆம் பிரிவு வழிவகுத்திருந்தும், பொதுத் தகவல் அலுவலர்கள் சிலர் ஒன்று முழுவதையும் மறுக்கிறார்கள், இல்லையேல் கோப்பை அப்படியே நகலெடுத்து அனுப்பிவிடுகிறார்கள். (பின்னது சோம்பல், முன்னதை அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.) அந்த வரிகளைக் கறுப்பு மையால் அடித்து, மறுபடி ஒரு நகலெடுக்க ஐந்து நிமிடம் ஆகாது.

– வாசகர் ஒருவர், பென்னாகரம்.