நாலு பத்துக்கு மேல் கொஞ்ச நேரம்: ஒரு கல்லூரி நிர்வாகத்துக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம். போன மாதம் முதலாம் ஆண்டுத் தொடக்க விழாவுக்கு என்னைப் பழைய மாணவன் என்ற முறையில் கூப்பிட்டிருந்தீர்கள். சால்வை போர்த்தி ஐந்து நிமிடம் பேசச் சொன்னீர்கள். நானும் 'நல்லாப் படிங்க, அப்பா அம்மா பேரைக் காப்பாத்துங்க' என்று எல்லோரும் சொல்வதையே சொல்லிவிட்டு இறங்கினேன். எனக்கு அடுத்து மைக்கைப் பிடித்த பேராசிரியர் விதிகளை வாசித்தார். கல்லூரிப் பேருந்துகள் நாலு பத்துக்குக் கிளம்பிவிடும். நாலேகாலுக்கு மேல் வளாகத்தில் ஒருவரும் நிற்கக் கூடாது. நூலகம் நாலு மணிவரை. மரத்தடியில் கூட்டம் போடக் கூடாது. பெற்றோர் உட்கார்ந்திருந்த பக்கம் பலத்த கைதட்டல். எனக்குக் கை எழவில்லை.

அங்கேயே ஏதாவது சொல்லியிருக்கலாம். கழுத்தில் சால்வை இருக்கும்போது வாய் கொஞ்சம் கட்டிப்போய்விடுகிறது. அதனால்தான் இந்த மடல். உங்கள் கல்லூரியில் மட்டும் இப்படி என்றால் தபாலில் போட்டிருப்பேன். சேலத்தைச் சுற்றி நான் கேள்விப்படுகிற பல இடங்களில் இதே கதைதான். ஆகவே பெயரை விட்டுவிட்டு எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் சிவதாபுரத்துக்காரன். எங்கள் வீட்டு நடு அறைதான் கொலுசுப் பட்டறை. அப்பா கம்பி இழுப்பார், அம்மா பற்றவைப்பார், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானும் தங்கையும் வளையம் கோப்போம். கூலி எடைக் கணக்கு. வீட்டில் பேச்சு என்றால் வெள்ளி விலை, சேதாரம், செவ்வாய்பேட்டை வியாபாரி எப்போது கணக்கு முடிப்பார், இவ்வளவுதான். வெளியாள் யாராவது வந்தால் அப்பா பேசுவார், நான் உள்ளே போய்விடுவேன். பதினேழு வயது வரைக்கும் நான் ஒரு கேள்விக்கும் பதில் சொல்லத் தேவையிருந்ததில்லை.

1999இல் உங்களிடம் பி.காம். சேர்ந்தேன். பெரியார் பல்கலைக்கழகம் தொடங்கி இரண்டே வருடம் ஆகியிருந்தது. பின்னால் வேலைக்குப் போன இடத்தில் மதிப்பெண் பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, 'இது எந்த ஊர் யுனிவர்சிட்டி தம்பி?' என்று கேட்டார்கள். அது வேறு கதை.

கல்லூரியில் படித்த அடக்கவிலைக் கணக்கு இன்றும் எனக்குச் சோறு போடுகிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சிவதாபுரத்துப் பையனை மனுஷனாக்கியது வகுப்பு முடிந்த பிறகு கிடைத்த இரண்டு மணி நேரம். வணிகவியல் துறைக்குப் பின்னால் ஒரு புங்க மரம் இருந்ததே, இப்போது அங்கே ஜெனரேட்டர் ரூம் இருக்கிறது, அந்த மரத்தடி. மேட்டூரிலிருந்து ஒருத்தன், ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளிக் காட்டுக்காரர் வீட்டுப் பையன், ஏற்காட்டில் காபித் தோட்டத் தொழிலாளியின் மகன், இரண்டு ஓமலூர்ப் பெண்கள். யார் வீட்டில் சாப்பிடலாம், யார் வீட்டில் கூடாது என்று எங்கள் வீட்டில் எழுதாத பட்டியல் ஒன்று இருந்தது. நான் அதைக் கிழித்தது அந்த மரத்தடி டிபன் பாக்ஸில்தான். யாரும் பிரசங்கம் செய்யவில்லை. பசித்தது, சாப்பிட்டோம்.

அங்கேதான் முதன்முதலாக வாதத்தில் தோற்றேன். இட ஒதுக்கீடு பற்றி யாரோ சொன்னதை என் கருத்துபோல எடுத்துவிட்டேன். ஓமலூர்ப் பெண் ஒருத்தி நிதானமாக நாலு கேள்வி கேட்டாள். ஒன்றுக்கும் பதில் இல்லை. இரண்டு நாள் அவளிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் நூலகத்துக்குப் போய்ப் படிக்க ஆரம்பித்தேன். அப்போது நூலகம் ஆறரை வரை திறந்திருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

சரி, பழைய கதை இருக்கட்டும். இப்போது நான் செவ்வாய்பேட்டையில் சின்னதாகக் கொலுசு வியாபாரம் செய்கிறேன். வருடத்துக்கு ஒன்றிரண்டு பட்டதாரிகளை வேலைக்கு எடுப்பேன். போன வருடம் ஒரு பையன் வந்தான், எண்பது சதவீதத்துக்கு மேல் மதிப்பெண். கூடவே அப்பா. உட்காரச் சொன்னேன். "ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டுப் பார்த்திருக்கியாப்பா?" என்றேன். "பிராக்டிகல் பண்ணியிருக்காங்க சார்" என்றார் அப்பா. "சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கறே?" அதற்கும் அப்பாதான் பதில் சொன்னார். கடைசியில், "டீ சாப்பிடறியா, காபியா?" என்றேன். பையன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான்.

சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பையன் நான்தான், பதினேழு வயது நான். வித்தியாசம் என்னவென்றால் அவனுக்கு இருபத்தொன்று. மூன்று வருடம் கல்லூரிக்குப் போய்விட்டு வந்திருக்கிறான்.

எதற்கும் அப்பா முகத்தைப் பார்க்கிற அந்தப் பழக்கம் எனக்கு எங்கே உதிர்ந்தது என்று யோசித்தால் ஒரு இடம் துல்லியமாக நினைவுக்கு வருகிறது. 2000 டிசம்பர், நாட்டு நலப்பணித் திட்ட முகாம். ஏற்காட்டைத் தாண்டி உள்ளே, மலையாளி என்ற பெயருள்ள மலைப் பழங்குடியினரின் கிராமம். இருபது கொண்டை ஊசி வளைவில் எட்டாவதிலேயே எனக்குக் குடல் புரட்டிவிட்டது. ஏழு நாள் பள்ளிக்கூடத் தரையில் படுக்கை. நான் வீட்டை விட்டு வெளியே தங்கியது அதுதான் முதல் தடவை.

ஊருக்குள் மழைத் தண்ணீர் தேங்காமல் ஒரு வாய்க்கால் வெட்டுவது எங்கள் குழுவின் வேலை. குழுத் தலைவன் நான், ஏனென்றால் வேறு யாரும் கை தூக்கவில்லை. இரண்டு நாளில் ஜோராக வெட்டி முடித்தோம். அன்று ராத்திரி மழை. விடிந்து பார்த்தால் வாய்க்கால் வழியாக வந்த தண்ணீர் அப்படியே ஒரு பாட்டியின் ஆட்டுப் பட்டிக்குள் நிற்கிறது. மூன்று குட்டிகளைத் திண்ணையில் ஏற்றி, சாக்கால் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கள் பேராசிரியரிடம் ஓடினேன். அவர் டீ டம்ளரைக் கீழே வைக்காமலே, "வெட்டினது நீங்கதானே, நீயே போய்ப் பேசு" என்றார்.

போனேன். வாய் வரவில்லை. பாட்டி திட்டவும் இல்லை. "ஏங் கண்ணு, தண்ணி எந்தப் பக்கம் போவும்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பனே" என்றார். அவ்வளவுதான். அப்புறம் சாக்கைக் கீழே போட்டுவிட்டு, ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு நடந்தார். ஐப்பசித் தண்ணி இப்படி வரும், பெருமழைன்னா அந்தப் பாறைக்கு இந்தப் பக்கம் திரும்பும் என்று மண்ணில் கோடு கிழித்துக்கொண்டே வந்தார். வெட்டியதை மூடி, அந்தக் கோட்டின் மேல் புதிதாக வெட்ட ஒன்றரை நாள் ஆனது. முடித்த அன்று குட்டிகளைக் கட்ட நானே முளை அடித்துக் கொடுத்தேன். கோணலாகத்தான் அடித்தேன்.

தப்பு செய்தால் ஆளைத் தேடிப் போய்ச் சொல்ல வேண்டும், வேலை தொடங்குவதற்கு முன் அங்கே இருப்பவரைக் கேட்க வேண்டும். இந்த இரண்டையும் நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அந்தப் பேராசிரியர் அன்று என்னோடு வந்து எனக்குப் பதில் அவரே மன்னிப்புக் கேட்டிருந்தால் இன்றும் நான் என் அப்பா முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நாட்டு நலப்பணித் திட்டம் 1969இல், காந்தி நூற்றாண்டில் தொடங்கியது. இரண்டு வருடத்தில் 240 மணி நேரப் பணி, ஏழு நாள் சிறப்பு முகாம் என்பது அதன் கணக்கு. உங்கள் முகாம் இப்போது எப்படி நடக்கிறது என்று விசாரித்தேன். காலை ஒன்பதுக்குப் பேருந்தில் பக்கத்து ஊருக்குப் போகிறார்கள், பேனர் பிடித்துப் படம் எடுக்கிறார்கள், நாலு மணிக்குத் திரும்பிவிடுகிறார்கள். மூன்று வருடமாக ஒரே குழியில் கன்று நடுவதாகப் பிள்ளைகள் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஏழு நாள் கணக்கு தாளில் சரியாக இருக்கிறது.

பயிற்சிக்கு நீங்கள் செலவு செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆளுமை வளர்ச்சி வகுப்புக்கு பெங்களூரிலிருந்து ஆள் வருகிறார், திரையில் படம் போட்டு எப்படிக் கை குலுக்குவது என்று காட்டுகிறார். என் தங்கை மகள் உங்களிடம்தான் படிக்கிறாள், யாரென்று தேட வேண்டாம். அவள் சொன்னது: "மாமா, எங்க கிளாஸ்ல நாப்பத்தெட்டு பேர். அதுல இருபது பேர்கிட்ட நான் பேசினதே இல்ல." இரண்டாம் வருடம் முடியப் போகிறது.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். ஒரு பெண் பிள்ளை அரை மணி நேரம் தாமதமாக வீடு போனால் முதல் போன் உங்களுக்குத்தான் வரும். மலைப்பாதையில் ஏதாவது ஆனால் செய்தித்தாளில் வருவது உங்கள் பெயர்தான். எங்கள் காலம் பொற்காலமும் இல்லை. ராகிங்கை ஒழிக்கத் தமிழ்நாட்டில் 1997இல் சட்டமே போட வேண்டியிருந்தது. நான் சேர்ந்த வருடமும் விடுதிப் பக்கம் ராத்திரியில் போகப் பயப்படுவோம். மேற்பார்வை இல்லாமல் விட்டால் என்ன நடக்கும் என்று நேரில் பார்த்தவன் நான். கதவைத் திறந்துபோட்டுவிட்டு ஆசிரியர்கள் வீட்டுக்குப் போய்விடுங்கள் என்று நான் கேட்கவில்லை.

ஆனால் யாருடைய பிள்ளைகள் உங்களிடம் வருகிறார்கள் என்று பாருங்கள். 2021-22 கணக்குப்படி தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம்; நாடு முழுக்க 28.4தான். இந்த வித்தியாசத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் தறிக்காரர், பட்டறைக்காரர், காட்டு வேலைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு, முதல் தலைமுறைச் சான்றிதழோடு வருகிறவர்கள். டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு விதவிதமான ஆட்களும் பேச்சும் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கே வந்துவிடும். நாலு பத்துப் பேருந்தில் ஏறுகிற என் தங்கை மகள் அஞ்சு மணிக்கு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பற்றவைக்க ஆரம்பித்துவிடுவாள். அவளுக்கு வெளி உலகம் என்பது உங்கள் வளாகம் ஒன்றுதான். அதில் வகுப்பு போக மிஞ்சுகிற நேரத்தை நீங்கள் பூட்டிவிட்டால் அவளுக்கு வேறு இடம் கிடையாது. அம்மாப்பேட்டையிலோ ஐந்து ரோட்டிலோ ஒரு தட்டுவடை செட் சாப்பிட நின்றால்கூட மறுநாள் தெருவில் கேள்வி வரும். கல்லூரியில் நின்றால் வராது. 'லைப்ரரில இருந்தேன்' என்ற ஒரு வார்த்தையை எந்த அப்பாவும் ஏற்றுக்கொள்வார். அந்த வார்த்தையைத்தான் நீங்கள் பிள்ளைகளிடமிருந்து பிடுங்கிவிட்டீர்கள்.

அதனால் என் வேண்டுகோள் சின்னதுதான். நூலகத்தையும் ஒரு கட்டடத்தின் கீழ்த் தளத்தையும் ஆறரை வரை திறந்து வையுங்கள். ஆறே முக்காலுக்கு இரண்டு பேருந்து விடுங்கள், ஒன்று ஓமலூர்ப் பக்கம், ஒன்று ஆத்தூர்ப் பக்கம். டவுனுக்குள் போகிறவர்கள் அரசுப் பேருந்தில் போய்க்கொள்வார்கள், பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் காசும் இல்லை. முறை வைத்து இரண்டு ஆசிரியர்கள் இருந்தால் போதும், பெற்றோருக்கு ஒரு குறுஞ்செய்தி போனால் போதும். பெற்றோர் கூட்டத்தில் இதை நீங்கள் சொன்னால் மறுப்பவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள் என்பது என் கணிப்பு. பயத்துக்குக் கைதட்டியவர்கள் பொறுப்புக்கும் கைதட்டுவார்கள்.

துறைச் சங்கத்துக்குச் செயலாளரை மதிப்பெண் பார்த்து நீங்களே அறிவிப்பதை விட்டு, பிள்ளைகளை ஓட்டுப் போட விடுங்கள். மாணவர் தேர்தல் பற்றி ஆராய்ந்த லிங்டோ குழுவின் பரிந்துரைகளை நடைமுறைப்படுத்த உச்ச நீதிமன்றம் சொன்னது 2006இல். கட்சிக் கொடி உள்ளே வராமல் தேர்தல் நடத்துவது எப்படி என்று அதிலேயே இருக்கிறது. தோற்றவன் ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான், அதுவும் நல்லதுக்குத்தான்.

அப்புறம் அந்த முகாம். மறுபடி மலைக்கு ஏற்றி அனுப்புங்கள், ஏழு ராத்திரியும் அங்கேயே தங்கட்டும். அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் என் செலவு. தேதியைச் சொன்னால் லீ பஜாரில் மூட்டை கட்டி வைத்துவிடுகிறேன். ஒரே ஒரு நிபந்தனை. மளிகைக் கணக்கு நோட்டை ஒரு இரண்டாம் வருடப் பிள்ளை கையில் கொடுக்க வேண்டும், கணக்கு உதைத்தால் பேராசிரியர் டீ டம்ளரைக் கீழே வைக்கக் கூடாது.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவன், பி.காம்., 1999–2002
செவ்வாய்பேட்டை, சேலம்