நீயும் நீங்களும்

பசறை,
வெள்ளி இரவு

அன்பின் மச்சான்,

வவுனியாவிலிருந்து நீ அனுப்பிய இரண்டு நாவலும் போன மாதமே வந்துவிட்டன. தவணைப் பரீட்சைத் தாள் திருத்தி முடித்த பிறகுதான் கையில் எடுத்தேன். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. சின்னவள் அடுத்த வருசம் ஏ.எல். எழுதுகிறாள். சரி, விசயத்துக்கு வருகிறேன்.

2022இல் புக்கர் பரிசு வாங்கிய ஷெஹான் கருணாதிலகவின் 'த செவன் மூன்ஸ் ஒஃப் மாலி அல்மெய்தா' நாவலைத்தான் முதலில் வாசித்தேன். 1990இல் கொழும்பில் கொல்லப்பட்ட மாலி அல்மெய்தா என்ற படப்பிடிப்பாளன், ஆவியாக அலைந்து, தன்னைக் கொன்றது யார் என்று ஏழு இரவுக்குள் தேடுகிறான். கதை முழுக்க 'யூ' என்றே போகிறது. வி.வி. கணேசானந்தனின் 'பிரதர்லெஸ் நைட்' யாழ்ப்பாணத்து மருத்துவ மாணவி சஷி தன் வாயால் சொல்லும் கதை. அவளும் இடையிடையே நம்மைப் பார்த்து 'யூ' என்கிறாள். ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல். தமிழில் எழுதப்போனால் தப்ப முடியாது. என் காதில் மாலியுடையது 'நீ', சஷியுடையது 'நீங்கள்'. ஒரு வாரமாக இதே யோசனைதான்.

தாத்தா செத்த அன்று தோட்டத்து லயத்து வாசலில் பாட்டி ஒப்பாரி வைத்தது உனக்கு ஞாபகம் இருக்குமே. உயிரோடு இருந்தவரை அவரை ஒருநாளும் 'நீ' என்று சொல்லாதவள். அன்றைக்கு அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, நீ எங்கே போனாய், ஏன் போனாய் என்று 'நீ' போட்டே அழுதாள். மாலி எவ்வளவு கேலி பேசினாலும் அந்தக் குரல்தான் எனக்குக் கேட்டது. செத்தவன் தனக்குத் தானே வைக்கும் ஒப்பாரி.

சஷி அப்படியில்லை. ஆரம்பத்திலேயே கொதிதண்ணீர் அவள் மேல் ஊற்றிவிடுகிறது. பக்கத்துத் தெருப் பையன் ஓடிவந்து, வெந்த இடத்தில் முட்டையை உடைத்து ஊற்றுகிறான். அவன்தான் பிறகு புலிகள் இயக்கத்துக்குப் போகிறான். அந்தக் கையை நாம் பார்த்துவிட்டோம், இனி அவனை லேசாக வெறுக்க முடியாது. நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று அவள் நம்மைச் சாட்சிக்கு இழுக்கிறாள். எனக்கு இவள் குரல்தான் ஒரு படி மேல்.

இரண்டுக்கும் நடுவில் ஒரே பெண் நிற்பதைக் கவனித்தாயா? 1989 செப்டம்பர் 21 அன்று யாழ்ப்பாணத்தில் சுட்டுக்கொல்லப்பட்ட, மனித உரிமைக்காகக் குரல்கொடுத்த டொக்டர் ராஜனி திராணகம. மாலியின் கதையில் அவள் டொக்டர் ராணி, சஷியின் கதையில் அவள் ஆசிரியை அஞ்சலி. மாலி எடுத்த படங்கள் கட்டிலுக்கடியில் பெட்டியில் கிடக்கின்றன. சஷியும் அஞ்சலியும் கண்டதையெல்லாம் எழுதிவைக்கிறார்கள். தமிழர்களை அடித்து எரித்த 83 ஜூலைக் கலவரம் இரண்டு நாவலிலும் எரிகிறது.

அதே ஜூலையில்தான் பதுளை டவுனும் எரிந்தது. நாம் தேயிலைச் செடிக்கடியில் விடியும்வரை படுத்திருந்தோம். அட்டை கடித்த இடத்தைச் சொறியக்கூட விடாமல் உன் அம்மா உன் கையைப் பிடித்திருந்தார். அடுத்த மாதமே நீங்கள் வவுனியாவுக்குப் போய்விட்டீர்கள். அந்த ராத்திரியை யாரும் படமெடுக்கவில்லை, எழுதவுமில்லை.

நான் இப்போது ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுத ஆரம்பித்திருக்கிறேன். யாருக்குச் சொல்வதென்று தெரியாமல் மூன்று முறை கிழித்துப் போட்டேன். கடைசியில் உன்னை 'நீ' என்று கூப்பிட்டதும் பன்னிரண்டு பக்கம் ஓடிவிட்டது. ஓர் இடத்தில் நிற்கிறேன். அந்த ராத்திரி நம்மைக் கூட்டிக்கொண்டு மலையேறும்போது உங்கப்பா கையில் இருந்தது டோர்ச்சா, அரிக்கன் லாம்பா? அம்மாவிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
உன் மச்சான்