அந்தச் சுவரைப் பாத்தனியோ பிள்ளை?

அன்பான பிள்ளைக்கு,

நீ அனுப்பின படமெல்லாம் அப்பாவும் நானும் ஃபோனில பெருப்பிச்சுப் பெருப்பிச்சுப் பாத்தம். வடிவாத்தான் கிடக்கு, ஆனா நான் சித்திர ரீச்சரா இருந்தவள் எல்லோ, சும்மா சூப்பர் எண்டு போட்டிட்டு இருக்க ஏலாது. அந்த வாய்க்கால் படத்துக்கு ஆப்பில தூரிகை எஃபெக்ட் போட்டிருக்கிறாய் என்ன? அதை முதல் எடு. பெயின்டிங் மாதிரி வரோணுமெண்டா மேல பூசி வராது, எடுக்கேக்கயே எதை வெளியால விடுறதெண்டு யோசிக்கோணும்.

ஆம்ஸ்டர்டாமில ரைக்ஸ் மியூசியத்தில ஒல்லாந்த ஓவியர் வெர்மீரின்ர பால் ஊத்திற பொம்பிளை படத்துக்கு முன்னால நிண்டு செல்ஃபி எடுத்து அனுப்பினனி, ஆனா அவவின்ர தலைக்குப் பின்னால இருக்கிற சுவரைப் பாத்தனியோ? வெறும் சுவர், ஒரு ஆணி, ரெண்டு மூண்டு ஓட்டை, அவ்வளவுதான். அந்த இடத்தில முதல் குடுவையள் தொங்கவிடுற ஒரு தட்டைக் கீறத் தொடங்கிப்போட்டு, பிறகு மனுசன் வேண்டாமெண்டு பெயின்ட் அடிச்சு மறைச்சிருக்கிறார், 2022 இல மியூசியக்காரர் ஸ்கான் பண்ணிப் பாத்துச் சொன்னவை. ஒரு நெருப்புக் கூடையும் அப்பிடித்தான் போச்சு. படம் ஒன்றரை அடி உயரம்தான், வெளிச்சம் இடப்பக்க யன்னலால வருது, கோடு பிடிக்க ஊசி குத்தின ஓட்டை அவவின்ர வலக்கைக்கு மேல இப்பவும் இருக்கு, யன்னல் கோடுகளை நீட்டினா அங்கதான் வந்து சேரும், பிறகு கண் பால் ஊத்திற கையை விட்டு எங்க போறது!

ஒல்லாந்தர் எங்கட யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடிச்சது 1658 இல, கிட்டத்தட்ட அந்தக் காலத்திலதான் வெர்மீர் அங்க இதைக் கீறினவர். இஞ்ச பீரங்கி, அங்க பால். இந்த ரெண்டையும் சேத்து எங்களுக்கு ஒருத்தரும் சொல்லித்தரேல்ல.

இப்ப உன்ர சந்தைப் படத்துக்கு வா. பூக்காரி, சைக்கிள், கோபுரம், ஐஸ்கிரீம் போர்டு, எல்லாம் கலியாண வீட்டு குரூப் போட்டோ மாதிரி முட்டிக்கொண்டு நிக்குது. படத்தை மூண்டாப் பிரிச்சு, அந்த மூண்டில ஒரு பங்குக் கோட்டில ஆளை வைச்சிருக்கிறாய், சரி, ஆனா அந்த விதியை ஜோன் தோமஸ் ஸ்மித் எண்டவர் 1797 இல ஓவியக்காரருக்கு எழுதி வைச்சது, கமரா வாறதுக்கு முன்னம். ஃபோன் கமராவில அந்தக் கட்டக் கோடு, கிரிட்டை ஒன் பண்ணினாப்போல கொம்போசிஷன் வந்திடாது.

பெரிய போட்டோக்காரர் கார்ட்டியே ப்ரெஸ்ஸோனும் முதல் ஆந்த்ரே லோத் எண்ட ஓவியரிட்டத்தான் படிச்சவர். எனக்கு அவரை விட அந்தக் காலத்துப் போட்டோக்காரி ஜூலியா மார்கரட் கமரனைத்தான் விருப்பம், ஃபோக்கஸ் கொஞ்சம் மங்கல், ஒரு முகம், பக்கத்தால வெளிச்சம், வேற ஒண்டும் இல்லை. அவ 1879 இல எங்கட நாட்டிலதான் செத்தவ, பொகவந்தலாவையில புதைச்சிருக்கு.

லீவில வரேக்க நெடுந்தீவுக்குப் போவம். வெள்ளனக் குறிகட்டுவானுக்குப் போய் முதல் போட்டைப் பிடிக்கோணும், மத்தியான வெயில் எல்லாத்தையும் வெளுத்துப்போடும். அங்க முருகைக்கல் மதில், குதிரை, கடல் எண்டு எல்லாத்தையும் ஒரே ஃப்ரேமுக்க அடையாத. மதிலும் வானமும் காணும், குதிரை வந்தா வரட்டும்.

அந்தச் சந்தைப் படத்தின்ர ஒரிஜினலை அனுப்பு, வாட்ஸ்அப் அதை நசிச்சுப்போடும், மெயிலில போடு. பூக்காரியை மட்டும் வைச்சு மிச்சத்தை வெட்டிப் பாக்கப்போறன், அப்பா கோபுரத்தை வெட்ட வேண்டாமெண்டு இப்பவே சண்டை.

அம்மா