உன் ஸ்கேனைப் பார்த்தேன்

மாப்ள,

இங்கே எல்லோரும் நலம். வார்டனின் மருமகன் ஆண்டிபட்டியில் கடை போட்டிருக்கிறானாம், அந்தக் கூத்தை நேரில் சொல்கிறேன்.

உன் இடுப்புவலிக்கு எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட் வந்தது. "முதுகெலும்புக்கு நடுவுல ஜவ்வு பிதுங்கியிருக்கு, குனியாதே" என்றார்களாம், நீயும் கட்டிலே கதி என்று கிடக்கிறாயாம். பி.டி. வகுப்புக்கு டிமிக்கி கொடுக்க அன்றைக்கே இப்படி ஒரு காகிதம் கிடைத்திருந்தால் விட்டிருப்பாயா நீ!

வலியே இல்லாதவர்களுக்கு எடுத்த ஸ்கேன்களை 2015இல் தொகுத்துப் பார்த்தார்கள். 50 வயதில் நூற்றுக்கு 60 பேருக்கு ஜவ்வு பிதுங்கல், 80 பேருக்குத் தேய்மானம். தலை நரைப்பது மாதிரிதான். இதை நோயாளிக்குப் புரியவைப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிடுகிறது. கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போய்வந்த ஓர் அக்கா, உனக்கு இருக்கிற அதே இடுப்புவலிதான், வேலையையே விட்டுவிட்டார். நரம்பு கொண்டுபோவது ஆபத்துச் செய்தியைத்தான், அதை வலியாக்குவதா என்று தீர்மானிப்பது மூளை என்றேன். முகம் சுருங்கிவிட்டது.

"அப்ப நான் நடிக்கிறேங்கிறீங்களா தம்பி?"

வலி நூற்றுக்கு நூறு நிஜம்க்கா என்று சொல்லி, 1995இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த கதையை எடுத்துவிட்டேன். கட்டட வேலைக்காரர் ஒருவர் 15 சென்டிமீட்டர் ஆணிமேல் குதித்துவிட்டார். ஆணி பூட்ஸைத் துளைத்துவிட்டது, லேசாக அசைந்தாலே உயிர் போகிற வலி. மருந்து கொடுத்து பூட்ஸைக் கழற்றினால், ஆணி விரலிடுக்கில் போயிருக்கிறது. காலில் காயமே இல்லை!

அக்கா யோசித்தார். "ஜீப் கவுந்தப்ப கை ஒடிஞ்சதே எனக்குத் தெரியலை தம்பி. பிள்ளைகளை வெளிய இழுத்துப் போட்டுட்டு உக்காந்தப்புறம்தான் வலி தெரிஞ்சது."

இனி ஆணியை விட்டுவிட்டு எல்லோருக்கும் ஜீப்பைத்தான் சொல்லப்போகிறேன். பேச்சிலேயே வலி போய்விடாது, கொஞ்சம் கொஞ்சமாக நடக்கவும் குனியவும் வேண்டும். ஆனால் பயமுறுத்தி அனுப்பினால் யார் குனிவார்கள்? பயந்தால் உடம்பு விறைக்கிறது, மூளை இன்னும் உஷாராகிறது, வலி ஏறுகிறது.

விளையாட்டில்லை, பதில் சொல். கால் பலம் குறைகிறதா? உட்காருமிடம் மரத்துப்போகிறதா? சிறுநீர் கட்டுப்பாடு தப்புகிறதா? ஒன்றுக்காவது ஆமாம் என்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு. இல்லையென்றால் எழுந்து டீக்கடை வரை நட. வலிக்கத்தான் செய்யும், அதற்காக உள்ளே ஏதோ கிழிகிறது என்று நினைக்காதே.

சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு வருகிறாய்தானே? இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு வந்தால் ராட்டினத்துக்கு நான் டிக்கெட் எடுக்க மாட்டேன்.