தலைகீழாக மலரும் சங்குப்பூ

ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பேரனுக்குப் பல் முளைத்த செய்தியை அவரிடமும் வாசித்துக் காட்டினேன். இங்கே எல்லாரும் சுகம். அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. சின்னவள் வேலை மாறிவிட்டாள், அதைப் பிறகு விரிவாக எழுதுகிறேன். இன்று ஒரு பூவைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

சமூக மன்றத்தில் தாவர ஓவிய வகுப்பில் சேர்ந்ததைத் தீபாவளிக்குப் பேசும்போது சொன்னேனே. போன மாதம் ஆளுக்கொரு பூ கொண்டுவரச் சொன்னார் ஆசிரியை. எங்கள் புளோக்கின் கீழே தோட்ட வேலியில் படர்ந்திருக்கும் சங்குப்பூவைக் கொடியோடு கிள்ளிக்கொண்டு போனேன். எங்கம்மா சிவன் படத்துக்கு வைப்பார்களே, அதே கருநீலம். நாற்பது வருடமாகப் பறிக்கிற பூ. அகலமான இதழை மேலே நிமிர்த்தி, சின்ன இதழ்களைக் கீழே மடக்கி, அவரைப் பூவை வரைவதுபோல் வரைந்து முடித்தேன்.

ஆசிரியை தப்பு என்று சொல்லவில்லை. "காம்பிலேருந்து பாருங்க" என்று மட்டும் சொல்லிப் பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்தார்.

பார்த்தேன், வசந்தி. அவரை, துவரை, அகத்தி எல்லாவற்றிலும் பெரிய இதழ் மேலே கொடிபோல் நிற்கும். கொடியல்லி என்றுதான் பாடநூலிலும் பெயர். சங்குப்பூவில் பூவே புரண்டு கிடக்கிறது! கொடியல்லி கீழே தட்டுப்போல் விரிந்திருக்கிறது. பக்க இதழ்களான சிறகல்லி இரண்டும், அவற்றுக்குள் ஒளிந்த படகுபோன்ற படகல்லியும் மேலே. தேனீ அந்தத் தட்டில் வந்து இறங்கி, நடுவில் இருக்கும் வெள்ளையும் மஞ்சளும் கலந்த தடத்தைப் பிடித்து உள்ளே போகும். மகரந்தம் அதன் முதுகில் ஒட்டும். அவரைப் பூவில் என்றால் வயிற்றில் ஒட்டும். இவ்வளவு காலம் பறித்தும் இது என் கண்ணில் படவில்லை. பூவைக் கிள்ளித் தட்டில் போட்டதும் மேல் எது கீழ் எது என்பதே போய்விடுகிறது அல்லவா?

அப்புறம் ஊசியால் பிரித்தேன். பச்சைக் குழாய்போன்ற புல்லிவட்டம், நுனியில் ஐந்து கூர். அதன் அடியில் வட்டமாக இரண்டு சின்னச் செதில்கள். மகரந்தத்தாள் பத்து. அதில் ஒன்பது அடியில் ஒட்டிக் குழாயாகி நிற்க, பத்தாவது தனியாக நிற்கிறது. மூன்று மணி நேரம் இதிலேயே போயிற்று. ஒரு நாள் பூ அது, பொழுது சாய்வதற்குள் சுருங்கிவிடும். அதனால் முதலில் நிறத்தைத் தாளோரத்தில் தீட்டி வைத்துக்கொண்டுதான் வடிவத்துக்குப் போக வேண்டும். அல்ட்ராமரின் நீலத்தில் ஊதா ஒரு துளி சேர்த்தால் ஏறக்குறைய வருகிறது. நடுவில் உள்ள வெள்ளைக்குச் சாயம் கிடையாது, தாளையே விட்டுவிட வேண்டும். அந்த வெள்ளையைக் காப்பாற்றுவதுதான் எனக்கு இன்னும் கைவரவில்லை.

ஃபோனில் நூறு படம் எடுக்கலாமே என்று சின்னவள் கேட்டாள். அன்றைக்கு இருந்த ஒரு பூவைத்தான், அதன் பூச்சிக்கடியோடு, படம் பிடிக்க முடியும். தாவர ஓவியத்தில் மொட்டு, பூ, பிளந்த பூ, தட்டைக் காய், விதை எல்லாம் ஒரே தாளில், அளவு பிசகாமல் வரும். கொடியில் அவை ஒரே நாளில் இருந்திருக்க வேண்டியதில்லை. பல நாள் பார்த்ததை ஒரு பார்வையாகத் தருகிற வேலை அது.

போன ஞாயிறு பூமலைக்கு, அதுதான் இங்கே தாவரவியல் பூங்காவுக்கு, போனேன். கேலப் சாலைப் பக்கம் 1906-இல் கட்டிய பங்களா ஒன்றை 2021-இல் தாவர ஓவியக் கூடமாகத் திறந்திருக்கிறார்கள். நீ வரும்போது கட்டாயம் கூட்டிப்போகிறேன். சிங்கப்பூரின் தேசிய மலரான ஆர்க்கிடை 1893-இல் பூமலையின் இயக்குநர் ரிட்லி விவரித்து எழுதியபோது அது வாண்டா பேரினம். இன்று பப்பிலியோனாந்தே என்கிறார்கள். பெயர் மாறினாலும் நல்ல ஓவியத்தில் ஒரு கோட்டைக்கூட மாற்ற வேண்டியதில்லை. அந்த ரிட்லியின் காலத்தில் பூமலைக்காக வரைந்தவர்கள் இலங்கையிலிருந்து வந்த டி அல்விஸ் குடும்பத்தார். நல்லவேளை, அவர்கள் பெயராவது தெரிகிறது. சிங்கப்பூரின் முதல் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஃபார்க்குவார் வரைவித்த 477 செடி, விலங்கு ஓவியங்கள் இங்கே தேசிய அரும்பொருளகத்தில் இருக்கின்றன. சீன ஓவியர்கள் வரைந்தார்கள் என்பதோடு சரி, ஒருவர் பெயரும் இல்லை. எனக்கு மனசு ஆறவில்லை. ஒரு பூவுக்கே மூன்று மணி நேரம் குனிந்திருந்த பிறகு, 477 தாள் என்றால் என்னவென்று இப்போது என் கழுத்துக்குத் தெரியும்.

மதராஸில் தாவர ஆராய்ச்சி செய்த ராபர்ட் வைட் என்ற மருத்துவருக்கு ரங்கையா, கோவிந்து என்று இரண்டு பேர் வரைந்தார்கள். வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே கோவிந்துவின் பெயரைச் சூட்டினார். பிறகு அது வேறொரு பேரினத்துக்குள் அடங்கிவிட்டது. ஆனாலும் அவர் அதைச் செய்தாரே, அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கிறது.

நம்மவர்களும் பார்க்கத் தெரிந்தவர்கள்தான். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களில் "செருவிளை மணிப்பூங் கருவிளை" என்று வருகிறது, நினைவிருக்கிறதா? வெள்ளைச் சங்குப்பூ, பக்கத்திலேயே நீலச் சங்குப்பூ. நீலத்துக்கு மட்டும் 'மணி' என்று ஒரு சொல், நீலமணிபோல் என்று. நான் சாயம் கலந்து கலந்து தேடியது அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. இங்கே நியோன்யா (சீன-மலாய்க் கலப்புச் சமையல்) கடையில் புளூட் தை தை என்ற ஒட்டரிசிப் பலகாரம் வாங்கினால் அதே மணிநீலம் சோற்றில். அதற்கு அவர்கள் போடுவதும் இதே பூதான், மலாயில் புங்கா தெலாங்.

உன் ஈப்போ வீட்டு வாசலில் அடுக்குச் சங்குப்பூ இருக்கிறதே, அதில் இதழெல்லாம் ஒரே அளவாகத்தானே இருக்கும்? காலையில் ஒன்றைப் பறித்து, ஊசியால் பிரித்து, மகரந்தத்தாளை எண்ணிப் பார். ஒன்பது ஒட்டி ஒன்று தனியா, பத்தும் தனித்தனியா? பென்சிலால் எப்படி வருகிறதோ அப்படியே வரைந்து அனுப்பு. பறிக்கும் முன்னால் காம்பிலிருந்து பார்த்துக்கொள்.

அன்புடன்,
உன் சரோஜா