பத்து ஆண்டுகள் கழித்துப் போய்ப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பசுமைக் கட்டடங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஒரு கட்டடக்கலை மாணவியாக ஆர்வத்துடன் படித்தேன். படங்களில் மாடிக்கு மாடி செடிகள், கூரை நிறையச் சூரியத் தகடுகள், மேற்குப் பக்கம் முழுவதும் கண்ணாடி. ஆனால் ஒரு படத்திலும் மனிதர்கள் இல்லை. அந்த இடங்களை யார் பயன்படுத்துகிறார்கள், வரைபடம் போடும் முன் அவர்களிடம் யாராவது பேசினார்களா என்பது பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. எங்கள் வகுப்பறையிலும் இதே பழக்கம் வேரூன்றியிருப்பதால்தான் இந்தக் கடிதம்.

டிசைன் ஸ்டூடியோ என்னும் வடிவமைப்புப் பயிற்சி வகுப்பில் எங்களை நூலகமோ சமுதாயக் கூடமோ பூங்காவோ வடிவமைக்கச் சொல்வார்கள். மனை காலியாக இருக்கும். எந்தெந்த அறைகள் வேண்டும் என்ற பட்டியல் முன்பே தயாராக இருக்கும். இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து பிளான் (தள வரைபடம்), செக்ஷன் (குறுக்குவெட்டு வரைபடம்), மாடல் என்று இரவு பகலாக உழைத்து, மதிப்பெண் போடும் குழுவான ஜூரியின் முன் நிற்போம். வடிவம் எங்கிருந்து வந்தது, மையக் கருத்து என்ன என்று கேட்பார்கள். பொதுக் கழிப்பறையின் சாவி யாரிடம் இருக்கும் என்று எவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. இருட்டிய பிறகு தனியாக வரும் பெண்ணுக்கு வெளியேறும் வழி தெளிவாகத் தெரிகிறதா, சக்கர நாற்காலியில் வருபவர் எல்லோரும் நுழையும் வாசலிலேயே நுழைய முடியுமா, குழாய் உடைந்தால் அருகில் கிடைக்கும் பாகத்தைக் கொண்டே சரிசெய்யலாமா என்பவற்றுக்கெல்லாம் மதிப்பெண் இல்லை. இருக்க வேண்டும் என்கிறேன்.

இன்னொன்று, எங்களுக்குத் தரப்படும் அந்தக் காலி மனை. சுற்றுச்சூழலைக் காக்கும் கட்டடம் என்றாலே மின்சாரச் சேமிப்பு என்று சுருக்கிக்கொள்கிறோம். முதல் விளக்கு எரிவதற்கு முன்பே கட்டடம் தன் சேதத்தில் பெரும்பகுதியைச் செய்து முடித்திருக்கலாம். உலகின் கரியமில வாயு வெளியீட்டில் ஏறக்குறைய 7 முதல் 8 சதவீதம் சிமென்ட் உற்பத்தியிலிருந்து வருகிறது. அதிலும் பாதிக்கு மேற்பட்டது எரிபொருளிலிருந்து வருவதல்ல; சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுடும்போது அந்தக் கல்லிலிருந்தே வெளியேறுவது. சூளைக்குச் சூரிய மின்சாரமே கொடுத்தாலும் அந்தப் பங்கு குறையாது. அப்படியிருக்க, நிற்கும் கட்டடத்தைத் திருத்திப் பயன்படுத்துவது எங்கள் முதல் பாடமாக இருக்க வேண்டாமா? எனக்குத் தெரிந்த பாடத்திட்டங்களில் அது கடைசியில் வரும் விருப்பப் பாடம்.

இங்கே நான் மிகவும் மதிக்கும் ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். 1996ஆம் ஆண்டு பிரான்சின் போர்தோ நகராட்சி, லியோன் ஓகோக் என்ற சிறிய சதுக்கத்தை அழகுபடுத்தித் தருமாறு ஆன் லக்காத்தோன், ஜான் ஃபிலிப் வசால் என்ற இரு கட்டடக்கலைஞர்களிடம் கேட்டது. முக்கோண வடிவில் மரங்கள் சூழ்ந்த எளிய இடம் அது. சில பெஞ்சுகள், சுற்றிலும் வீடுகள். இருவரும் அங்கே நேரம் செலவிட்டுக் கவனித்தார்கள், குடியிருப்பவர்களிடம் பேசினார்கள். சதுக்கம் ஏற்கெனவே அழகாகத்தான் இருக்கிறது, மாற்ற எதுவும் இல்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். சரளைக்கல்லைப் புதுப்பிக்கவும், அடிக்கடி சுத்தம் செய்யவும், மரங்களுக்குச் சிகிச்சை அளிக்கவும், போக்குவரத்தைச் சிறிது ஒழுங்குபடுத்தவும் பரிந்துரைத்ததோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்த இருவருக்குத்தான் 2021இல் கட்டடக்கலையின் மிக உயரிய விருதாகக் கருதப்படும் பிரிட்ஸ்கர் விருது கிடைத்தது. எங்கள் ஸ்டூடியோவில் ஒருவர் இதே விடையோடு வந்து நின்றால் வரைபடத் தாள் எங்கே என்றுதான் கேட்பார்கள். அந்த விடையை அடைய எத்தனை கவனிப்பு தேவைப்பட்டிருக்கும் என்பதை மதிப்பிட எங்களிடம் அளவுகோல் இல்லை.

கட்டுமானப் பொருள் மட்டும் நல்லதாக இருந்தாலும் போதாது. எகிப்தில் லக்சருக்கு அருகே கட்டடக்கலைஞர் ஹசன் ஃபாத்தி 1940களில் புதிய குர்னா கிராமத்தை மண் செங்கல்லால், குவிமாடங்களும் வளைகூரைகளுமாக எழுப்பினார். அவர் மக்களை மதிக்காதவர் அல்லர். ஆனால் பழைய கல்லறைகளின் மேல் அமைந்திருந்த தங்கள் ஊரைவிட்டுப் பெயர வேண்டும் என்ற முடிவு அந்த மக்களுடையது அல்ல, அரசினுடையது. அவர்களின் பிழைப்பு அந்தக் குன்றுகளில் இருந்தது. பலர் வர மறுத்தார்கள். கிராமம் முழுமை பெறாமலே நின்றுபோனது. மண் வீட்டின் குளிர்ச்சியை எங்களுக்குப் பாடமாக நடத்துகிறார்கள். அந்த மறுப்பையும் அதே வகுப்பில் நடத்த வேண்டும்.

இதையெல்லாம் சொன்னால் ஆசிரியர்கள் ஒரு நியாயமான பதில் வைத்திருக்கிறார்கள்: செலவும் விதிகளும் பின்னால் உங்களைக் கட்டிப்போடத்தான் போகின்றன, படிக்கும் காலத்திலாவது கற்பனை சுதந்திரமாக இருக்கட்டும் என்பது. கற்பனை வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாசோவின் காண்டோ கிராமப் பள்ளியைப் பாருங்கள். 2001இல் அது கட்டி முடிக்கப்பட்டபோது, அதை வடிவமைத்த ஃபிரான்சிஸ் கெரே பெர்லினில் இன்னும் மாணவர். தன் சொந்த ஊருக்காக நிதி திரட்டி, ஊர் மக்களையே சேர்த்துக்கொண்டு கட்டினார். களிமண்ணில் சிறிது சிமென்ட் கலந்து அழுத்திய கற்களால் சுவர். மேலே இடைவெளி விட்ட உள்கூரை. அதற்கும் மேலே, மெல்லிய இரும்புக் கம்பிச் சட்டத்தில் உயர்த்தி வைத்த தகரக் கூரை. தகரம் சூடாகும்போது இடையிலுள்ள காற்று வெளியே போகிறது. வகுப்பறையின் சூடான காற்று உள்கூரை இடுக்குகள் வழியாக மேலேற, ஜன்னல் வழியே புதுக் காற்று வருகிறது. கம்பியை அறுக்க ஒரு கைரம்பம், பற்றவைக்க ஒரு சிறிய இயந்திரம் இவை போதும் என்ற அளவில் அந்தக் கூரையை யோசித்திருந்தார். ஊரார் கற்றுக்கொள்ளக்கூடிய கட்டுமானம் அது. தட்டுப்பாட்டுக்கு நடுவே பிறந்த அந்தக் கூரையைவிடச் சுதந்திரமான கற்பனை எது என்று எனக்குத் தெரியவில்லை.

பொதுவெளிகளுக்கும் இதே கவனிப்பு வேண்டும். நியூயார்க்கின் சதுக்கங்களை 1970களில் படம்பிடித்து ஆராய்ந்த வில்லியம் வைட், உட்கார வசதியுள்ள இடத்தில்தான் மக்கள் கூடுகிறார்கள் என்று காட்டினார். எளிய உண்மைதான். ஆனாலும் சாய்மானம் இல்லாத, முதியவர் எழுந்திருக்கக் கைப்பிடி இல்லாத கல் திண்டுகளை இன்றும் வரைந்துகொண்டே இருக்கிறோம், படத்தில் அவை ஒழுங்காகத் தெரிவதால். நகர்த்தக்கூடிய நாற்காலி கிடைத்தால் மக்கள் அதைச் சற்றேனும் இழுத்துப் போட்டுக்கொண்டுதான் உட்காருகிறார்கள் என்பதையும் அவர் கவனித்திருக்கிறார். இடம் தன்னுடையது என்று ஒருவர் உணர அந்தச் சிறு அசைவு உதவுகிறது என்று நான் நம்புகிறேன்.

பெரிய சீர்திருத்தம் எதையும் நான் கோரவில்லை. ஜூரியில் மூன்று பேராசிரியர்களுக்கு நடுவே, அதே போன்ற ஒரு கட்டடத்தைத் தினமும் பெருக்கித் துடைப்பவர் ஒருவரும், அதைப் பயன்படுத்துபவர் ஒருவரும் உட்காரட்டும். அவர்களுக்கும் மதிப்பெண் போடும் உரிமை இருக்கட்டும். ஒரு பருவம் முழுவதும் புதிதாக எதையும் கட்டாமல், இருக்கும் ஒரு பொது இடத்தைக் காலையிலும் நண்பகலிலும் இரவிலும் மழையிலும் போய்ப் பார்த்துப் பதிவுசெய்வதே தேர்வாக இருக்கட்டும்.

தங்கள் இதழிடமும் ஒரு வேண்டுகோள். திறப்பு விழா நாளின் படங்களோடு நிறுத்திக்கொள்ளாமல், பத்து ஆண்டுகளுக்கு முன் பாராட்டி எழுதிய பசுமைக் கட்டடங்களுக்கும் பூங்காக்களுக்கும் ஒரு நிருபரை அனுப்புங்கள். செடிகளுக்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள், எந்தக் கதவு நிரந்தரமாகப் பூட்டிக் கிடக்கிறது, மக்கள் தாங்களாகவே எதை மாற்றிக்கொண்டார்கள் என்று காவலாளியிடமும் துப்புரவுப் பணியாளரிடமும் கேட்டு எழுதச் சொல்லுங்கள். படங்களோடு ஒரு பிளானையும் அச்சிடுங்கள். அப்படி ஒரு தொடர் வந்தால் ஒவ்வொரு பகுதியையும் வெட்டியெடுத்து எங்கள் ஸ்டூடியோச் சுவரில் ஒட்டுவேன்.

இப்படிக்கு,
கட்டடக்கலை நான்காம் ஆண்டு மாணவி